எந்த திம்பாங்னு கேளு, ரோசி

பார்சலப் பிரிச்சுப் பாத்தா உள்ள என்ன இருக்குங்கிற ரோசி, இடுப்புல கட்டிக்கிற பெல்ட்டு. தொந்தி கரையறதுக்காம். கரண்டுல சொருகுனா கடகடகடன்னு ஆடுது. நான் எங்கடி அதெல்லாம் ஆர்டர் பண்ணேன். எனக்கு எழுதவும் தெரியாது படிக்கவும் தெரியாது. போன்ல பச்சைய அமுக்குனா பேசலாம், செவப்ப அமுக்குனா வெச்சிடலாம், அதோட சரி. அது கோடி வீட்டு லெட்சுமிக்கு வந்த பார்சலு. அவளும் லெட்சுமி, நானும் லெட்சுமி, லோரோங்கும், அதான் சந்தும் ஒண்ணு. கொண்டாந்த பையன் "லெட்சுமியா?"ன்னான். "ஆமா"ன்னேன். அவன் மேல என்ன தப்பு சொல்லு. நான்தான் என்ன பொய்யா சொன்னேன். திருப்பிக் குடுக்கப் போனா அவ மூஞ்சியப் பாக்கணுமே. "பாட்டி, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க"ங்கிறா. நான் யாருகிட்ட சொல்லப்போறேன். உன்கிட்ட மட்டுந்தான் சொல்றேன்.

உக்காருலா, நின்னுகிட்டே இருக்க. கேஸ் தீந்துபோச்சு. கோழிக்கறி பாதி வேக்காட்டோட நிக்குது. கேஸ்காரனுக்குச் சொல்லியாச்சு, வந்துருவான். அவன் வர்ற வரைக்கும் எனக்கு வேலை இல்ல, உனக்கும் பசியாறியாச்சு. திங்கக்கிழமை நீ என் ஆபிசுக்கு வேலைக்குப் போறல்ல, நாலு விஷயம் சொல்றேன் கேட்டுக்க. என் ஆபிசுன்னுதான் சொல்லுவேன். முட்டி வலிக்குதுன்னு வேலைய விட்டேனே ஒழிய ஆபிச விடல.

தேத்தண்ணி கலக்குறதெல்லாம் உனக்குச் சொல்லித்தரணுமா. உங்க சர்ச்சுத் திருவிழாவுக்கு அம்புட்டுப் பேருக்குக் கலக்குறவ நீ. உங்க சர்ச்சு கோப்பிய நானே வந்து ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சிருக்கேன். ஆபிஸ் பேண்ட்ரி வேற மாதிரி. அங்க வேலை செய்யறவங்க எல்லாம் கம்ப்யூட்டர்ப் புள்ளைங்க. நாள் முழுக்க உக்காந்தே இருக்குங்க, திடீர்னு ஒரு நாள் மூஞ்சி வெளுத்துப் போயிடும். அன்னைக்கு நீ என்ன செய்யற, எதச் செய்யாம இருக்க, அதுலதான் இருக்கு உன் சாமர்த்தியம்.

மொத விஷயம், அலமாரி. பேண்ட்ரியில அலமாரி ரெண்டு இருக்கு. எடது பக்கத்து அலமாரித் தட்டு, கப்பு, கரண்டி எல்லாம் முஸ்லிம் புள்ளைங்களுக்கு. வலது பக்கத்துல மத்தவங்களுக்கு. அங்க இருக்கிற சீனப் பொண்ணு வீட்டுலேருந்து கொண்டாற சாப்பாடு எடது பக்கத்துத் தட்டுல விழவே கூடாது. சூடு பண்ற பெட்டியும் ரெண்டு. புரட்டாசி வந்தா நம்ம புள்ளைங்க சில பேரு சைவம், அப்ப மேல் தட்டுல தனியா நாலு கிண்ணம். ஒருத்தரோடது ஒருத்தரோடதுல கலக்கக் கூடாது. இது மரியாதை. இத நீ பாத்துக்கிட்டா உன்ன அங்க யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

நான் சேந்த புதுசுல என்ன கூத்துங்கிற. வந்த அன்னைக்கே ஒரு பையன் இன்னொருத்தன்கிட்ட, "உன் மெஷின்ல எந்தப் பைத்தான் இருக்கு? என்கிட்ட ரெண்டு இருக்கு, சண்ட போடுது"ங்கிறான். பைத்தான்னா மலப்பாம்புன்னு எனக்குத் தெரியும். நியாலாஸ் பக்கம் செம்பனைக் காட்டுல கோழிக்கூண்டுக்குள்ள அது வந்து சுருண்டு கெடந்தத நானே பாத்திருக்கேன். நான் தொடப்பத்த அப்படியே போட்டுட்டு, "தம்பி, போம்பாவக் கூப்புடவா?"ன்னேன், தீயணைக்கிறவங்கதான பாம்பும் புடிப்பாங்க. அன்னைக்கு அந்த ஆபிசே சிரிச்சு முடிக்க ஒரு மணி நேரம் ஆச்சு. இன்னைக்கும் எதாச்சும் கெட்டுப்போனா, "பாட்டி, போம்பா"ம்பாங்க. பைத்தான்ங்கிறது அவங்க கம்ப்யூட்டருக்கு எழுதற பாஷைக்குப் பேராம். போகட்டும்.

அப்புறம் ஒரு நாள் ஒருத்தி கத்துறா, "வென்வ் போட்டியா இல்லியா, வென்வ் போடாமலா வேலை பாக்குற?"ன்னு. எனக்கு என்ன கேட்டுச்சு சொல்லு. வெந்நி. பாவம், தொண்ட கட்டிக்கிச்சு போலன்னு ஒரு ஜக்கு வெந்நி போட்டுக் கொண்டுபோய் நடுவுல வெச்சேன். யாரும் சிரிக்கல அன்னைக்கு. பாய்த்தம்பி மட்டும் எந்திரிச்சு வந்து ஒரு கப்பு ஊத்திக் குடிச்சாரு. "சரியான நேரத்துக்குக் கொண்டாந்தீங்க பாட்டி"ன்னாரு.

பாய்த்தம்பின்னா அங்க பெரியவரு. பேரு சொல்ல மாட்டேன், சொன்னா அவருக்குப் பிடிக்காது. குடும்பமே டவுன்ல துணிக்கட வெச்சிருக்கு, இவரு மட்டும் துணி அளக்காம கம்ப்யூட்டருக்கு வந்துட்டாரு. தாடியில நரை விழுந்தாலும் எனக்குத் தம்பிதான். அவருதான் அன்னைக்கு எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. "வென்வ்னா உங்க அலமாரிதான் பாட்டி. இந்த வேலைக்கு இந்தத் தட்டு, அந்த வேலைக்கு அந்தத் தட்டு. ஒரு வேலைக்குப் பழைய சாமான் வேணும், இன்னொண்ணுக்குப் புதுசு வேணும். ரெண்டையும் ஒரே அலமாரியில போட்டா ஒண்ணு இன்னொண்ணக் கெடுத்துடும். அதான் வேலைக்கு ஒரு அலமாரி தனித்தனியா."

இவ்வளவுதானாய்யா, இதுக்கா இம்புட்டு இங்கிலீசுன்னேன்.

"இன்னும் இருக்கு பாட்டி. அலமாரி நம்ம ஆபிசுல இருக்கு. சாப்பாடு போகவேண்டியது ஊருக்கு வெளிய. அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"அடுக்குக் கேரியர்ல போட்டுக் குடுப்பேன்."

"அதுதான் கண்டெய்னர்"ன்னாரு. அடியில சோறு, அதுக்கு மேல கொழம்பு, அதுக்கு மேல கூட்டு, உப்பு, ஊறுகா, கரண்டி வரைக்கும் உள்ள வெச்சு மூடிடணுமாம். போற எடத்துல ஒரு சிட்டிக உப்பு கூட கடன் கேக்கக் கூடாதாம். எங்க கொண்டுபோய்த் தெறந்தாலும் ஒரே ருசி. அப்புறம் ஒரு நல்ல விஷயம் சொன்னாரு. மேல் அடுக்கு மட்டும் மாறுனா கீழ் அடுக்கத் திரும்ப ஆக்க மாட்டாங்களாம். நேத்து ஆக்குனது கெடாம அப்படியே இருக்கும், அதுமேல புதுச வெச்சு மூடிடுவாங்களாம். கீழ ஏதாச்சும் மாத்துனா அங்கேருந்து மேல வரைக்கும் எல்லாத்தையும் புதுசா ஆக்கணும். இத ஞாபகம் வெச்சுக்க ரோசி, பின்னாடி வருது.

கேரியருக்குள்ள எதுக்கு அலமாரின்னு அந்தப் புள்ளைங்களுக்குள்ள ஒரு சண்ட நடக்கும் பாரு, மாசத்துக்கு ஒரு தடவையாச்சும். "அதான் கேரியர் தனியா இருக்கே, உள்ள எதுக்கு வென்வு?"ம்பான் ஒருத்தன். "கேரியர் வாங்குறப்பவே கடைக்காரன் உள்ள அவன் சாமான் கொஞ்சம் வெச்சிருப்பான்டா, அதோட நம்மளுத ஏன் கலக்குற?"ம்பா இன்னொருத்தி. நான் நடுவுல பிஸ்கட்ட வெச்சுட்டு வந்துருவேன். பாய்த்தம்பிகிட்ட யாரு சொல்றது சரின்னு கேட்டேன். "ரெண்டு பேருமே எதையும் கெடுக்கல, அதனால சண்ட போடட்டும்"ன்னாரு. அதுவும் ஒரு பாடம்தான்.

இப்ப கேளு. மேகலான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. நியாலாஸ் பொண்ணு. அப்பா லோரி ஓட்டுறவரு, தோட்டம் தோட்டமாப் போய் செம்பனைக் குலை ஏத்திக்கிட்டு எண்ண ஆட்டுற மில்லுக்குக் கொண்டுபோறவரு. இந்தப் பொண்ணு படிச்சு முடிச்சுட்டு வந்து சேந்துச்சு, ஆனா இன்னும் பெர்மனண்ட் ஆகல. பெர்மனண்ட் ஆகலேன்னா சிங்கப்பூருக்குப் போய் ஒரு பேக்டரியில சேரணும்னு வீட்டுல பேச்சாகி, அங்க இருக்கிற மாமாகிட்டயும் சொல்லி வெச்சாச்சு. அதுக்குப் போக இஷ்டமே இல்ல. பேண்ட்ரியில ரொட்டி தின்னுகிட்டே சொல்லும், "பாட்டி, நான் இங்கேயே இருந்துடணும். அப்பா லோரியோட போயிட்டா அம்மா தனியா இருக்கும். இந்த வேலை எனக்கு வருது பாட்டி, நெஜமாவே வருது." வருதுன்னு சொல்றப்ப அது மூஞ்சியப் பாக்கணும் நீ. நான் சாமி கும்புடுறப்ப அதுக்கும் சேத்து ஒரு சூடம் கொளுத்துவேன்.

அந்தப் பொண்ணு பாத்த வேலை என்னன்னா, ஜாசின் பக்கம் ஒரு செம்பனை மில்லு. பேரு வேணாம். லோரி வந்து தராசு மேல ஏறி நிக்கும். குலையோட எம்புட்டு, வெறும் லோரி எம்புட்டுன்னு கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு ரசீது குடுக்கும். அந்தக் கம்ப்யூட்டர் வேலை நம்ம ஆபிசோடது. அதுல எட போடுற பாகம் மட்டும் தனியா ஒரு சாமான். அதுக்குப் பேரு திம்பாங். மலாய்ல திம்பாங்னா எட போடுறதுதான. பாய்த்தம்பி ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி வெச்ச பேரு. நம்ம ஆபிசுக்குன்னு சொந்தமா ஒரு ஸ்டோரு இருக்கு, அதுல அந்த திம்பாங் இருந்துச்சு. மத்த சாமானெல்லாம் ஒலகத்துக்கே பொதுவா ஒரு பெரிய பாசார் இருக்காம், அங்கேருந்து எடுப்பாங்க. காசு கெடையாதாம். யாரு வேணாலும் போடலாம், யாரு வேணாலும் எடுக்கலாம். நல்ல பாசாருடி அது.

ஒரு வெள்ளிக்கெழம. மில்லுல ரசீது மாத்தணும்னு கேட்டிருந்தாங்க, கழிவு எம்புட்டுன்னு தனியாத் தெரியணுமாம். அன்னைக்கு மத்தியானம் அவங்க பெரிய ஆளுங்க வந்து பாக்கப்போறாங்க. மேகலா ரசீத மாத்துச்சு. அதுக்காகப் புதுசா ஒரே ஒரு சாமான் சேத்துச்சு, கேரியரக் கட்டுச்சு. திரையில பச்ச வந்துச்சு. பச்சன்னா நல்லதுன்னு எனக்கே தெரியும். பொண்ணு சந்தோஷமா மில்லுக்கு அனுப்பிட்டு வந்து என்கிட்ட மைலோ கேட்டுச்சு.

மைலோ பாதி குடிக்கல. மில்லுலேருந்து போன். தராசு நின்னுபோச்சு. லோரி ஏறி நிக்குது, கம்ப்யூட்டர் வாயே தொறக்கல.

பாய்த்தம்பியக் கூப்புடலாம்னா வெள்ளிக்கெழம, ஜும்மா நேரம். பள்ளிவாசலுக்குப் போயிட்டாரு, போனையும் ஆபிசுலேயே வெச்சுட்டுப் போயிடுவாரு. அங்க இருந்தது மேகலாவும் பாஸும், அப்புறம் நானும் என் தொடப்பமும். மத்ததெல்லாம் சாப்பிடப் போயிருச்சு.

பாஸ் நல்ல மனுஷன்தான். ஆனா வேர்த்துச்சுன்னா கொரல் ஒசந்துடும். "உன் லேப்டாப்புல ஓடுதா?"ன்னாரு.

"ஓடுது பாஸ்."

"அப்ப உன் லேப்டாப்புல இருக்கிற வென்வ அப்படியே தூக்கி அங்க போடு."

"அது அங்க ஓடாது பாஸ். என் மெஷினுக்குன்னு அளவெடுத்து செவுத்துல அறைஞ்ச அலமாரி மாதிரி. பேத்து எடுத்தா கதவு மூடாது."

"சரி, அங்க ஓடுற கண்டெய்னருக்குள்ளயே போய் எது கொறையுதோ அத கையால போட்டு விடு. ரெண்டு நிமிஷ வேலை. செய்யத் தெரியுந்தான?"

"தெரியும் பாஸ். ஆனா அங்க கரண்ட் ட்ரிப் ஆனா கண்டெய்னர் புதுசா எந்திரிக்கும், நான் போட்டது காணாப்போயிடும். ராத்திரி மில்லுல கணக்கு எழுதற கிராணி மட்டும் தனியா இருப்பாரு. அதுவும் இல்லாம, எது கொறையுதுன்னே எனக்கு இன்னும் தெரியல. தெரியாம எதப் போடுறது?"

இந்த நேரத்துல அந்தப் பொண்ணோட போன் அடிக்குது. சார்ஜு போடுறதுக்கு என் பேண்ட்ரியில வெச்சிருந்துச்சு. மொகப்புல ஒரு லோரிப் படம் இருந்துச்சு, அப்பான்னு புரிஞ்சுக்கிட்டேன். பச்சைய அமுக்குனேன்.

"மேகலா, அப்பா பேசறேன். நான் வரிசையில நிக்கறேன்டா. வெயில் மண்டையப் பொளக்குது, குலை சூடாகுது. கிராணி உங்க ஆபிசுதான் காரணம்னு எல்லாருகிட்டயும் சொல்றான். இங்க ஒவ்வொருத்தனும் கெட்ட கெட்டதாத் திட்டுறான். எனக்கு மொகத்த எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல."

செம்பனைக் குலை வெட்டுனா அன்னைக்கே மில்லுக்குள்ள போயிடணும், தெரியுமா உனக்கு. தேங்கிப்போனா எண்ண கெட்டுடும், கழிவு கூடிடும். அந்த லோரிக்காரங்க திட்டுனதுல நியாயம் இருக்கு.

இங்கதான் ரோசி, ஒன் வேலை இருக்கு. அந்தப் போன எடுத்துட்டுப் போய் அது கையில குடுக்கலாம். அப்பாதான, குடுத்தா தப்பு இல்ல. ஆனா அந்தப் பொண்ணோட மூளையில அந்த நேரத்துக்கு இருந்த எடம் ரொம்பக் கொஞ்சம். அதுல பாஸ் ஒரு பக்கம் உக்காந்துட்டாரு. அப்பாவையும் கொண்டுபோய் உக்கார வெச்சா வேலைக்கு எடம் எங்க. நான் சொன்னேன், "அய்யா, நான் ஆபிஸ் பாட்டி பேசறேன். உங்க பொண்ணு அந்த வேலையாத்தான் இருக்கு. நீங்க லோரிக்கு நெழல் பாத்து நிறுத்திட்டு ஒரு தேத்தண்ணி குடிங்க. திட்டுறவங்களுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க."

"பாட்டி, ஆகுமா ஆகாதா?"

"ஆகும்"னேன். எனக்கு என்ன தெரியும். ஆனா சொன்னேன். அந்தப் போனத் தூக்கி மாவு டப்பாவுக்குள்ள வெச்சு மூடிட்டேன், அடிச்சாலும் கேக்காது.

நான் திரும்பி வந்து பாத்தா பொண்ணு நாக்காலியில நல்லா சாஞ்சு உக்காந்திருக்கு. கை ரெண்டும் மடியில. பாஸுக்கு அதப் பாத்து இன்னும் கோவம். "என்ன, சாமி கும்புடுறியா?"

"பாஸ், நேத்து அனுப்புன கண்டெய்னர் அந்த மெஷின்லேயே இன்னும் இருக்கு. நேத்து ராத்திரி வரைக்கும் ஒழுங்கா ஓடுச்சு. அத எழுப்பி விடறேன். லோரி போகட்டும். அப்புறம் இத நம்ம இங்க வெச்சுப் பிரிச்சுப் பாக்கலாம்."

"நேத்துதுல பழைய ரசீது. அவங்க வந்து பாக்கப்போறதே புது ரசீத. வந்து நிக்கறப்ப பழசு வந்தா என் மானம் என்ன ஆகும்?"

"தெரியும் பாஸ்."

"உன் பெர்மனண்ட் பேப்பர் என் மேசையில இருக்கு. அதுவும் தெரியுமா?"

அந்தப் பொண்ணு மடியிலேருந்து கைய எடுத்து கம்ப்யூட்டர் மேல வெச்சுச்சு. அப்புறம் மெதுவா, "லோரி நிக்குது பாஸ்"ன்னுச்சு. அவ்வளவுதான். அழல, கத்தல. அப்பா அங்க நிக்கறாருன்னு அதுக்குத் தெரியாது. யாரோட லோரியோ நிக்குதுன்னுதான் சொல்லுச்சு. பாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. வேண்டாம்னு சொல்லல. பொண்ணு தட்டுச்சு. கொஞ்ச நேரத்துல மில்லுலேருந்து போன். தராசு ஓடுது.

நான் மாவு டப்பாவத் தொறந்து போனக் குடுத்தேன். மாவெல்லாம் ஒட்டியிருந்துச்சு. அதுல எத்தன தடவ அப்பா கூப்புட்டிருக்காருன்னு பாத்துட்டு என்னப் பாத்துச்சு. "பாட்டி, நீங்க..."ன்னுச்சு. "தொடச்சுக்க, ரொட்டி தின்னு"ன்னேன்.

தொழுகை முடிஞ்சு பாய்த்தம்பி வந்தாரு. நடந்ததெல்லாம் கேட்டாரு. நாம ஒருத்தர் தப்புப் பண்ணா மொதல்ல என்ன கேப்போம், "ஏன் இப்படிப் பண்ண?"ன்னு. அவரு அதக் கேக்கல. நாக்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து, "எந்த திம்பாங்?"ன்னாரு.

பொண்ணுக்குப் புரியல. "நம்ம திம்பாங்தான் அண்ணே."

"நீ நம்மளுதுன்னு நெனைக்கிற. கேரியரு என்ன நெனைக்குது? தொறந்து பாரு."

தொறந்து பாத்தா நம்மளுது இல்ல. இந்தோனேசியாவுல எங்கயோ ஒரு பையன், கைப்புள்ளைங்கள தூக்கி எட போட்டுக் குறிச்சு வெக்கிறாங்கல்ல கிளினிக்குல, அதுக்கு ஒரு சாமான் செஞ்சு அந்தப் பெரிய பாசாருல போட்டிருக்கான். பேரு திம்பாங். அவனும் எட போடுறதுக்கு எட போடுறதுன்னுதான பேரு வெப்பான். கேரியரு கட்டுற மெஷினு நம்ம ஸ்டோரையும் பாத்துச்சு, பாசாரையும் பாத்துச்சு. ரெண்டு எடத்துலயும் திம்பாங் இருக்கு. எத்தனாவது தடவ செஞ்சதுன்னு சாமானுக்கு ஒரு நம்பரு இருக்குமாம், எது பெரிய நம்பரோ அதுதான் புதுசுன்னு எடுத்துக்கிச்சு. அவன் நம்பரு பெருசு. ஆக, மில்லுல அவ்வளவு பெரிய லோரிய கைப்புள்ளத் தராசுல ஏத்தி நிறுத்திட்டாங்க. தராசு என்னடி பண்ணும், வாயடைச்சுப் போச்சு.

நான் சிரிச்ச சிரிப்புல ஜக்கு கீழ விழுந்துச்சு. பொண்ணுக்குச் சிரிப்பு வரல. "இத்தன நாளு ஏன் வரல அண்ணே? என் லேப்டாப்புல ஏன் வரல?"

"உன் அலமாரியில நீ சேந்தப்ப வெச்ச நம்ம திம்பாங் இருக்கு, நீ அத மாத்தவே இல்ல. கேரியருல கீழ் அடுக்கு பழசு, அதையும் யாரும் தொடல. இன்னைக்கு நீ ஒரு சாமான் சேத்த. கீழ் அடுக்குலேருந்து புதுசா ஆக்குச்சு. புதுசாக் கடைக்குப் போச்சு. போன எடத்துல இன்னொரு திம்பாங்." அப்புறம் கொஞ்சம் கடுமையாவே சொன்னாரு, "பச்ச வந்தா கட்டி முடிஞ்சுதுன்னுதான் அர்த்தம் மேகலா. வெந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. அனுப்புறதுக்கு முன்னாடி இங்க ஒரு தடவ தொறந்து ஒரு வாய் தின்னு பாக்கணும். அத நீ செய்யல."

"செய்யல அண்ணே"ன்னுச்சு. சாக்குச் சொல்லல.

சாயங்காலம் மில்லு ஆளுங்க போன் பண்ணி பாஸ வறுத்துட்டாங்க, பழைய ரசீதப் பாத்துட்டு. பாஸ் ரெண்டு பேரையும் ரூமுக்குக் கூப்புட்டாரு. எனக்கும் தேத்தண்ணி கொண்டுபோற வேலை இருந்துச்சு. இல்லேன்னாலும் கொண்டுபோயிருப்பேன்.

"பாய், சொல்லுங்க. இந்தப் பொண்ண நான் வெச்சுக்கவா, அனுப்பவா?"

"அந்தப் பேரு நான் வெச்சது பாஸ். ஊருல எல்லாரும் வெக்கிற பேர வெச்சுட்டு, ரெண்டு கடையிலயும் தேடச் சொன்னதும் நான்தான். அனுப்புறதா இருந்தா வரிசையில நான் முன்னாடி நிக்கறேன்."

"நீங்க போனா ஆபிச மூடணும்னு தெரிஞ்சே பேசறீங்க."

"தெரிஞ்சுதான் பேசறேன்."

பாஸ் பொண்ணுகிட்ட திரும்புனாரு. "நீ சொல்லு. திரும்ப வராம இருக்க என்ன செய்வ?"

பொண்ணு யோசிச்சு வெச்சிருந்துச்சு போல. நம்ம சாமானுக்கெல்லாம் நம்ம ஆபிஸ் பேர முன்னாடி சேத்துடலாம். நம்ம சாமானத் தேடறப்ப பாசாருப் பக்கமே போகக் கூடாதுன்னு சொல்லிடலாம். ஒவ்வொண்ணும் எந்த நம்பர்னு அறுதியா எழுதிடலாம், புதுசு வந்தாலும் நம்ம சொல்ற வரைக்கும் வேண்டாம். அப்புறம் சொல்லுச்சு பாரு, அதுலதான் நான் தட்டோட நின்னுட்டேன். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கைரேகை இருக்காம். அத எழுதி வெச்சுட்டா, பேரும் நம்பரும் ஒண்ணா இருந்தாலும் கைரேக ஒத்துப்போகலேன்னா கேரியரு உள்ளயே விடாதாம்.

கைநாட்டுடி ரோசி. காலம் பூரா நான் போட்ட கைநாட்டு. பேங்க்குல, ஆஸ்பத்திரியில, கையெழுத்துப் போடத் தெரியாதான்னு ஒரு மாதிரியாப் பாப்பாங்க. லெட்சுமின்னு யாரு வேணாலும் எழுதலாம். இந்தக் கட்டவெரலு என் ஒருத்தியோடது. கம்ப்யூட்டருக்கும் கடைசியில அதுதான் நம்பிக்கன்னு தெரிஞ்சப்ப எனக்கு அம்புட்டு சந்தோஷம். அன்னைக்கு எல்லாருக்கும் தேத்தண்ணியில பாலு ஒரு பங்கு கூட ஊத்துனேன்.

பாஸ் அன்னைக்கே பேப்பருல கையெழுத்துப் போட்டாருன்னு நெனைக்காத. போடல. "இன்னும் கொஞ்ச நாள் பாக்கறேன்"ன்னுட்டாரு. பொண்ணு பேண்ட்ரியில வந்து உக்காந்து, சிங்கப்பூர் மாமாவுக்குப் போன் பண்ணவா வேணாமான்னு போனயே பாத்துக்கிட்டு இருந்துச்சு. மாவு டப்பாவத் தொறந்து முன்னாடி வெச்சேன். அது சிரிச்சுட்டு, போன உள்ள போட்டு மூடுச்சு.

அடுத்த வாரம் புது ரசீத ஒழுங்காத் தின்னு பாத்து அனுப்புச்சு. அப்புறம் அந்த மில்லுல ஒரு சின்னத் தொந்தரவு வந்தப்ப, அந்தக் கிராணி நம்ம பாஸுக்குப் போன் பண்ணி, "வேற யாரும் வேணாம், அன்னைக்கு லோரி போகட்டும்னு மொதல்ல பாத்த அந்தப் பொண்ண அனுப்புங்க"ன்னாரு. பாஸு போன வெச்சாரு, மேச டிராயர இழுத்தாரு, கையெழுத்துப் போட்டாரு. நான் பாத்தேன். படிக்கத் தெரியாட்டியும் கையெழுத்துப் போடுறது தெரியும்ல.

இப்ப அந்தப் பொண்ணுதான் அங்க மூத்தவ. பாய்த்தம்பி கூட அதுகிட்ட கேட்டுட்டுத்தான் அனுப்புறாரு. புதுசா வர்ற ஒவ்வொண்ணுகிட்டயும் அது மொதல்ல கேக்குறது என்ன தெரியுமா. "எந்த திம்பாங்?" இப்ப அந்த ஆபிசுல அது ஒரு சொலவடையே ஆயிடுச்சு. பேனாவக் காணோம்னா கூட, எந்த திம்பாங்ம்பாங்க.

உனக்கும் அதான் சொல்றேன். மேகலாவுக்கு கோப்பி, சீனி கொறச்சு. ஆனா போன மாசம் இன்னொரு மேகலா சேந்திருக்கா, அவளுக்கு சீனி தூக்கலா. "மேகலாவுக்கு ஒரு கோப்பி"ன்னு யாராச்சும் சொன்னா சரின்னு தலைய ஆட்டிட்டுப் போயிடாத. எந்த மேகலான்னு கேளு. கேக்க ஒரு நொடிதான் ஆகும். கேட்டதுக்கு யாரும் உன்ன அறிவு கெட்டவன்னு சொல்ல மாட்டாங்க. அந்த ஆபிசுல சொல்ல மாட்டாங்க. அப்புறம், மாவு டப்பாவ எடம் மாத்தாத. அதுல இப்ப மாவு இல்ல, ஆனா அது அங்கதான் இருக்கணும், எடது அலமாரிக்குக் கீ...

இரு இரு. லோரி சத்தம். கேஸ்காரன். என்னமோ கூவுறானே... "லெட்சுமி"ங்கிறானா? கோடி வீட்டுக்காரியும் காலையில கேஸுக்குச் சொன்னா. கோழி பாதியில நிக்குதுடி, அந்தச் செருப்ப இங்க தள்ளு. தம்பி, எறக்காத, எறக்காத. எந்த லெட்சுமி?